பட்டியலில் இருப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குடியை நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். அங்கே சொல்லும் 12 படிகளில் இப்போது எட்டாம் படி. யார் யாருக்குத் தீங்கு செய்தேன் என்று பட்டியல் எழுதச் சொன்னார் என் ஸ்பான்சர் (படிகளில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்). 31 பெயர்கள் வந்தன. மனைவியின் நகையை அடகு வைத்து மூழ்கவிட்டது, அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதது, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியபோது நான் எடுத்த பணத்துக்காக உடனிருந்த பையனுக்கு வேலை போனது, மைத்துனரைச் சந்தையில் வைத்து ஏசியது (அவர் என்னை அடித்ததும் உண்டு), பார்க்காரருக்குத் தர வேண்டிய பாக்கி வரை எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் வரும். அன்று அனைவர் முன்பும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட நினைக்கிறேன். ஸ்பான்சர் வேண்டாம் என்கிறார். மனைவி பதிலே பேசவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஸ்பான்சர் சொல்வதுதான் சரி. நான் ஏ.ஏ. உறுப்பினன் அல்லன். வெளியாட்களும் வரக்கூடிய திறந்த கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், நண்பர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். எனவே என் பேச்சும் அவர் பேச்சும் முரண்படும் இடத்தில் அவரையே கேளுங்கள்.

காதுகுத்து அந்தக் குழந்தையின் நாள். நீங்கள் எழுந்து கும்பிட்டால் பந்தியில் அதுவே பேச்சாகும். பெரியவர்கள் "விடுப்பா, பழைய கதை எதற்கு" என்பார்கள். சபையில் ஒருவர் கண்ணீர் விடும்போது வேறெதுவும் சொல்ல முடியாது. மன்னிக்க மனமில்லாதவரும் தலையாட்டியே ஆக வேண்டும். உங்கள் மனைவியையும் நினைத்துப் பாருங்கள். நகை எங்கே என்று பிறந்த வீட்டார் கேட்டபோதெல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதை நீங்கள் கோயில் வாசலில் உடைத்தால் பொய் சொன்னவர் அவர் என்று ஆகிவிடும். அவர் பதில் பேசாததற்கு அர்த்தம் உண்டு.

டாக்டர் பாப் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய அறுவை மருத்துவர். தன் குடியைப் பற்றி வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்று பயந்து, தன்னால் பாதிக்கப்பட்டவர்களைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். மறுபடி குடித்தார். பிறகு ஒருநாள் நடுங்கிக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பினார். இதைச் சொல்லி 'பார்த்தீர்களா, ஒரே நாளில் முடித்தார்' என்பவர்கள் உண்டு. அவர் ஊரைக் கூட்டவில்லை, தனித்தனியாகப் போனார். 1939-இல் 12 படிகள் அச்சில் வந்தபோது இந்த ஒரு காரியம் இரண்டாகப் பிரிந்திருந்தது. எட்டாவது, பட்டியலும் மனச்சம்மதமும். ஒன்பதாவதில்தான் நேரில் போவது வருகிறது. அதிலும் அவர்களுக்கோ பிறருக்கோ தீங்கு வருமானால் போகாதே என்ற விலக்கு இருக்கிறது. நீங்கள் எட்டை எழுதிய கையோடு ஒன்பதை ஒரே மதியத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

அந்த மண்டிப் பையனுக்கு வருகிறேன். நகைக்கும் மைத்துனருக்கும் நடுவே அவரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 31 பேரில் உங்கள் மன்னிப்பால் எந்தப் பயனும் அடையாதவர் அவர்தான். திருடன் என்ற பெயரோடு வெளியேறியவருக்கு உங்கள் கும்பிடு எதற்கு? அவர் பெயரிலிருந்து அந்தக் கறை நீங்க வேண்டும். அதற்கு முதலாளியிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். வழக்கு வரலாம், இப்போதைய வேலை போகலாம். அது உங்கள் குடும்பத்தின் சோறு என்பதால் மனைவியிடம் முதலில் சொல்லி அவர் சம்மதத்தைப் பெறுங்கள். ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். ஆனால் "பிறருக்குத் தீங்கு வரும்" என்ற விலக்குக்குப் பின்னால் நீங்களே ஒளிந்துகொள்ளக் கூடாது. அந்தப் 'பிறர்' பட்டியலில் நீங்கள் இல்லை. முதலில் அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். புது இடத்தில் நிம்மதியாக இருந்து, இதைக் கிளற வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் சொல்வதே முடிவு.

மைத்துனர் விஷயத்தில் ஒன்று. அவர் அடித்ததை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அந்த அடைப்புக்குறியை அழித்துவிட்டு வரியை மறுபடி எழுதிப் பாருங்கள். அவர் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார். எழுத முடியவில்லையா? அவர் பெயர் அங்கேயே இருக்கட்டும். சம்மதம் வராத பெயர்களுக்கும் எட்டாம் படியில் இடம் உண்டு.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பான்சரிடம் படித்துக் காட்டுங்கள். இறந்தவர்களுக்காகப் பலர் அங்கே செய்வது அதுதான்.

உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது பற்றி நான் உற்சாகமாக எதுவும் சொல்லமாட்டேன். குடித்த காலத்தில் ஒவ்வொரு விடியலிலும் கேட்டிருப்பீர்கள். இன்னொன்றைக் கேட்டு அவர் என்ன செய்வார்? சம்பளத்தைக் கையில் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வாருங்கள். நகைக்கென்று மாதாமாதம் ஒரு தொகையை அவர் பெயரில் போடுங்கள். அவர் உங்களை நம்புவதற்கு நீங்கள் நாள் குறிக்க முடியாது. குடிநோயர்களின் குடும்பத்தினருக்கென்று அல்-அனான் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தோழி ஒருவரோடு சேர்ந்து அமைத்தது. போகச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இருப்பதைத் தெரிவித்தால் போதும்.

ஒன்பதாம் படிக்கு வரும்போது, யாரைப் பார்க்கப் போனாலும் போகும்முன்பும் வந்தபின்பும் ஸ்பான்சரோடு பேசுங்கள்; அன்று மாலை கூட்டத்துக்குப் போங்கள். கதவைச் சாத்துபவர்கள் இருப்பார்கள். அது அவர்கள் உரிமை. அந்த வருத்தத்தோடு தனியாக பஸ்ஸில் திரும்பும் வழியில் என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பார்க்காரர் பாக்கிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, நாளையே தீர்த்துவிடலாம். யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், நீங்கள் போக வேண்டாம்.