பட்டுப்புடவையா, கடிதமா?

கேள்வி: 30 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு பிறந்த என் மகள், அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 38 நாள் இருந்து, இப்போது நலமாக வீடு வந்திருக்கிறாள். இன்குபேட்டருக்குள் கையை நுழைக்கவே அஞ்சி நான் நின்ற ஓர் இரவில், அங்கிருந்த சிஸ்டர் என்னை முழங்கைவரை கழுவிவரச் செய்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்லி, ஒன்றைக் குழந்தையின் தலையிலும் மற்றொன்றைப் பாதங்களிலும் தாமே பிடித்து வைத்தார். அவருக்குப் பட்டுப்புடவை எடுக்கலாம் என்கிறார் மாமியார். கவரில் பணம் வைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் கணவர். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மனம் ஒப்பாதது நல்லதாகப் போயிற்று. அரசு ஊழியர்கள் பரிசு பெறுவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் நல்லெண்ணத்தோடு நீட்டும் கவர் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக்கூடும். ஒரு கடிதம் எழுதுங்கள்.

குறைமாதக் குழந்தையின் கேஸ் ஷீட்டில் எடை, உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, குழாய் வழியாக எத்தனை மில்லி தாய்ப்பால் சென்றது என்பதெல்லாம் வேளை தவறாமல் ஏறிவிடும். மூச்சு நின்ற குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டி மீண்டும் மூச்சுவிட வைத்ததுகூட ஒரு வரியாகப் பதிவாகும். ஆனால், அந்த இரவில் உங்கள் கை நடுக்கம் எப்படித் தீர்ந்தது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. அதை எழுத உங்களை விட்டால் ஆளில்லை. ஆகவே 'அன்பானவர், பொறுமையானவர்' என்று பொதுவாக எழுதாமல், எனக்கு எழுதியதைப் போலவே தேதி, ஷிப்ட், நடந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். குழந்தையை நெஞ்சோடு தோல்படக் கிடத்தும் கங்காரு பராமரிப்பை அவர் பழக்கியிருந்தால் அதையும் சேருங்கள். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய அந்த முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது என்றால், பயந்த தாய்மார்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய செவிலியர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 1999-இல் 33 வயது மகனை நோய்க்குப் பறிகொடுத்த பார்ன்ஸ் குடும்பத்தார், அவரைக் கவனித்த செவிலியர்களின் பரிவை மறக்க முடியாமல் 'டெய்சி' விருதை ஏற்படுத்தினார்கள். நோயாளியோ குடும்பத்தாரோ நடந்ததை எழுதிப் பரிந்துரைக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. நம் நாட்டில் 1973-இல் நிறுவப்பட்ட தேசிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறது. அந்த உயரத்துக்கு உங்கள் கடிதம் போகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். மருத்துவமனை முதல்வருக்கு ஒன்று, நர்சிங் சூப்பரின்டென்டுக்கு ஒன்று அனுப்பி, ஒரு நகலை அந்தச் சிஸ்டரின் கையில் கொடுங்கள். மாமியார் விடமாட்டார் என்றால், அந்த வார்டு முழுவதற்கும் ஓர் இனிப்புப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவு குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனைக்காக மறுபடியும் வரச் சொல்லியிருப்பார்கள். கடிதத்தை அன்றே எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு எந்த ஷிப்ட் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, குழந்தையையும் அவர் கையில் ஒரு நிமிடம் கொடுங்கள்.