ஆட்டு மண்டையோட்டைச் சுத்தம் செய்து வெளுப்பாக்குதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விலங்கியல் படிக்கும் என் மகளுக்காக ஓர் ஆட்டு மண்டையோட்டைத் தயார் செய்ய விரும்புகிறேன். கறிக்கடையில் வாங்கிய தலையைக் குக்கரில் வேகவைத்தால் போதுமா?

பதில்: குக்கர் வேண்டாம், கொதிக்கவைப்பதும் வேண்டாம். கடும் சூட்டில் கொழுப்பு உருகி எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பற்களில் விரிசல் விழும். மூக்குக்குள் இருக்கும் காகிதம் போன்ற சுருள் எலும்புகள் உதிர்ந்துவிடும். நம் கறிக்கடைகளில் தலையைத் தீயில் வாட்டி, மூளை எடுப்பதற்காக இரண்டாகப் பிளந்து கொடுப்பதே வழக்கம் என்பதால், வாட்டாமலும் வெட்டாமலும் முழுத் தலையாகத் தோலுரித்துத் தரும்படி முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கண், நாக்கு, கன்னச் சதை ஆகியவற்றைக் கத்தியால் எடுத்துவிட்டு, தலை முழுவதும் மூழ்கும்படி பிளாஸ்டிக் வாளியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மீதிச் சதையைப் பாக்டீரியாக்களே தின்று தீர்க்கும். நம் ஊர் வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது என்பதால், குளிர்நாடுகளில் பல மாதங்கள் இழுக்கும் இந்த வேலை இங்கே பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும். தண்ணீரை முழுவதும் மாற்றினால் பாக்டீரியாக்களும் போய்விடும். ஆகவே அவ்வப்போது பாதியை மட்டும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேருங்கள். மூளை கரைந்த பின், தலையின் பின்புறத்தில் தண்டுவடம் நுழையும் துளை வழியாகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் அது வெளியேறிவிடும். கொம்பின் மேலுறை தானாகவே கழன்று வரும். அதைத் தனியே கழுவி உலர்த்துங்கள்.

இறைக்கும் தண்ணீரை எப்போதும் வடிகட்டி வழியாகவே ஊற்றுங்கள். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்களே கிடையாது. கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டும் ஒற்றை வேர் கொண்டவை என்பதால், ஈறு அழுகியதும் முதலில் உதிர்பவை அவைதாம். தண்ணீரோடு சாக்கடையில் போன பல்லைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்வி: நாற்றத்தை வீட்டிலுள்ளவர்கள் பொறுக்கமாட்டார்கள். மண்ணில் புதைத்துவைக்கலாமா?

பதில்: புதைக்கலாம். ஆனால் மண்ணின் நிறம் எலும்பில் ஏறிவிடும், அந்தக் கறை எளிதில் போகாது. நாயும் கீரியும் தோண்டாதபடி கனமான கல் வைத்து, சிறு எலும்புகள் சிதறாதபடி நைலான் வலைப்பையில் கட்டிப் புதையுங்கள். மொட்டைமாடியின் ஒரு மூலையில் வாளியை வைத்து, கொசு முட்டையிடாதபடி வாயைத் துணியால் இறுகக் கட்டி, அதன் மேல் பலகை போட்டு மூடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: வெளுப்பாக்கப் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தலாமா? எலுமிச்சைச் சாறு நல்லது என்றும் சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் எலும்புக்குப் பகை. எலும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரிமப் பொருள். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். குளோரின் அந்தப் புரதத்தைத் தாக்குகிறது. நன்றாகக் கழுவிய பிறகும் உள்ளே தங்கியது தன் வேலையைத் தொடரும் என்பதால், பார்க்கப் பளிச்சென்று இருக்கும் மண்டையோடு நாளடைவில் சுண்ணாம்புபோல் உதிரத் தொடங்கும். எலுமிச்சை, புளி, வினிகர் போன்ற புளிப்புப் பொருள்கள் எலும்பின் கால்சியத்தைக் கரைத்துவிடும். பித்தளைக்கு ஏற்றது எலும்புக்கு ஏற்காது.

பயன்படுத்த வேண்டியது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் '20 வால்யூம்' என்ற பெயரில் கிடைப்பது ஏறத்தாழ 6 சதவீதக் கரைசல்; அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகிவிடும், அதுவே போதும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, மண்டையோட்டை மூழ்கவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் மூடியை ஒருபோதும் இறுக்காதீர்கள், பாத்திரம் வெடித்துவிடும். ரசாயனக் கடைகளில் விற்கும் 30 சதவீதக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடக்கூடியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கொம்பின் மேலுறையைப் பெராக்சைடில் போடக் கூடாது. நல்ல எலும்பின் இயல்பான நிறம் இளமஞ்சள் கலந்த வெண்மை என்பதால், அந்த நிலை வந்ததும் எடுத்து, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் பற்கள் பிளக்கும்.

கேள்வி: வெளுப்பாக்கிய பன்றி மண்டையோட்டில் சில மாதங்களிலேயே மஞ்சள் திட்டுகள் தோன்றுகின்றன. மீண்டும் பெராக்சைடில் போடலாமா?

பதில்: அது கறையன்று, உள்ளிருந்து கசியும் கொழுப்பு. பெராக்சைடு கொழுப்பை நீக்காது. பலரும் அவசரத்தில் தாண்டிவிடும் படி இதுதான்: சதை நீங்கிய பின், வெளுப்பாக்குவதற்கு முன், பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் எலும்பை ஊறவைத்து, கலங்கும்போதெல்லாம் தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் தெளிவாகவே நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். ஆட்டுக்கு இது விரைவில் முடியும். பன்றிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் மண்டையோட்டையும் இந்தப் படியிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: வயல்வெளியிலும் காட்டோரத்திலும் கிடக்கும் தலைகளை எடுத்துவரலாமா?

பதில்: காட்டு விலங்கு என்றால் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி இறந்து கிடக்கும் வனவிலங்கும் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். மயில், புள்ளிமான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்; தானாக இறந்தது என்பது விலக்காகாது.

வளர்ப்பு மாடோ ஆடோ திடீரென இறந்து, வாய், மூக்கு, ஆசனவாயிலிருந்து உறையாத இரத்தம் வடிந்திருந்தால், அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலைத் தொடவோ அறுக்கவோ செய்யாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அந்நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை. அண்மையில் இறந்த நாயின் தலையையும் வெறிநோய் அச்சம் காரணமாகத் தொடாதீர்கள். கறிக்கடைத் தலையே படிப்புக்குப் போதுமானது.

கேள்வி: உதிர்ந்த பற்களை எதைக் கொண்டு ஒட்டுவது?

பதில்: எலும்பு முழுவதும் உலர்ந்த பிறகு, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் துளியளவு வேரில் தடவிப் பொருத்துங்கள். இடம் மாறிப் பொருத்திவிட்டால் ஈரத் துணியை வைத்து இளக்கித் திரும்ப எடுக்கலாம். சட்டென்று ஒட்டும் பசையில் அந்த வசதி இல்லை.