பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, ஒரு பாவத்தைச் சொல்ல மறந்துவிட்டால், பெற்ற மன்னிப்பு செல்லுமா?

செல்லும். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, உண்மையாகவே மறந்துபோன சாவான பாவமும் (தெரிந்தே, மனமொப்பிச் செய்த கனமான பாவம்) அந்தப் பாவமன்னிப்பிலேயே அடங்கிவிடுகிறது. நற்கருணை வாங்கத் தயங்க வேண்டாம். அடுத்த முறை, "போன தடவை இதை மறந்துவிட்டேன், சாமி" என்று சொல்லிவிடுங்கள்.

வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால்தான் சிக்கல். அப்போது சொன்ன பாவங்களுக்கும் மன்னிப்பு செல்லாது. மறைத்ததைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி அறிக்கையிட வேண்டும். பயப்படாதீர்கள், திருச்சபைச் சட்டம் 988 கேட்பது சாவான பாவங்களின் வகையும் எண்ணிக்கையும்தான், முழுக் கதையை அல்ல. கணக்கு நினைவில்லையா? "வாரம் ஒருமுறை போல, இரண்டு வருடமாக" என்றாலே போதும். கேட்டதைக் குருவானவர் யாரிடமும் வெளியிடக் கூடாது (சட்டம் 983).

பிறகும் மனம் உறுத்தினால் அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடாதீர்கள். ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போய், அவர் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை மட்டும் மன்னிப்புக்குப் பின்னும் நீங்காது.