நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு முழு உடல் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். பள்ளியில் முகாம் போட்ட ஒரு லேப், 60 டெஸ்ட் கொண்ட முழு உடல் பரிசோதனை செய்யச் சொல்கிறது. எடுக்காமல் விட்டு, உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்?

பதில்: வேண்டாம். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த பேக்கேஜ்களை விற்கிறார்கள், எனக்குக் கோபமே அதில்தான்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போடும் எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு வரும் அளவு. மீதி 5 பேருக்கும் நோய் கிடையாது, எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல குழந்தைக்கும் ஏதாவது ஒன்று பிசகி வர ஏறக்குறைய 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. 60 எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு அம்மா, 'ஈரல் கெட்டுவிட்டதா டாக்டர்' என்று அழுதுகொண்டே வந்தார். ஈரலுக்கான டெஸ்ட்டில் பார்க்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி, ரிப்போர்ட்டில் அதிகம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. வளரும் எலும்பிலிருந்தும் அது வருவதால், குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிகமாகவே இருக்கும். அச்சடித்திருந்ததோ பெரியவர்களுக்கான எல்லை! அதற்குள் அந்தக் குழந்தையிடம் இன்னும் இரண்டு முறை ரத்தம் எடுத்து, ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். வயதுக்கேற்ற எல்லையை அச்சடிக்க என்ன கஷ்டம்?

அப்புறம், 'இலவசம்' என்று ஒவ்வாமை டெஸ்ட்டையும் சேர்ப்பார்கள். பாலும் முட்டையும் தொல்லையில்லாமல் சாப்பிடுகிற பிள்ளைக்கு, அதில் பாசிட்டிவ் வந்தது என்பதற்காக எதையும் நிறுத்தாதீர்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எப்போதுமே நல்லதுதானே என்று தோன்றும். ஜப்பானில் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து ஒருவகைப் புற்றுநோயைத் தேடினார்கள். தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகள்தான் நிறைய அகப்பட்டன; இறப்பு குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. 2004ல் நிறுத்திவிட்டார்கள்.

சரி, எதை விடக்கூடாது? கண். மூன்று வயதுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். ஒரு கண் மங்கலாக இருக்கும் பிள்ளை எந்தப் புகாரும் சொல்லாது. நல்ல கண் எல்லா வேலையையும் செய்துவிடும். மூளை மங்கல் கண்ணை மெல்ல ஒதுக்கிவிடும். ஏழு வயதைத் தாண்டினால் சரிசெய்வது கடினமாகிக்கொண்டே போகும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பலகையைக் காட்டினால் பையன் தேறிவிடுவான். நிறைய முகாம்களில் அவசரத்தில் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். அதையும் கையால் மூடினால் விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பான். ஒட்டும் பட்டை வேண்டும். எழுத்து தெரியாவிட்டால் படம் போதும். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கிக் கையைத் தட்டிவிடுகிறானா? மூடியது அவனுடைய நல்ல கண்ணாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள்.

மற்றபடி உயரமும் எடையும். எந்த ஊசியும் குத்தாமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை, ஆனால் என்னிடம் வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் வளர்ச்சி வரைபடம் காலி. இரண்டு நிமிட வேலையை யாரும் செய்வதில்லை. பிறந்ததிலிருந்து எழுதிய எடைகளை எடுத்துப் போய்ப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு சீராக ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகும் ரத்தம் எடுக்கச் சொன்னால், என்ன சந்தேகத்தில் எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டச் சொல்லுங்கள்.