சோலருக்காக அஸ்பெஸ்டஸ் கூரையில் துளையிடலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: “1980களில் கட்டிய வீடு, அஸ்பெஸ்டஸ் கூரை. கரண்ட் பில் தாங்காமல் சோலர் போடப்போகிறோம். ஷீட்டில் துளையிட்டுப் பூட்டலாம் என்கிறார் கொந்தராத்துக்காரர். கழற்றுவதென்றால் பழைய ஷீட்டை இலவசமாகவே ஏற்றிப் போவாராம். பேரனுக்கு இழுப்பு இருக்கிறது. பயப்பட வேண்டுமா?”

உடையாத ஷீட்டின் கீழே குடியிருப்பதால் பேரனுக்குப் பெரிய ஆபத்தில்லை, அம்மா. சீமெந்தோடு இறுகிக் கிடக்கும்வரை ஷீட்டிலுள்ள அஸ்பெஸ்டஸ் நார் மூச்சில் ஏறாது. துளையிட்டால், கிரைண்டரால் வெட்டினால், உடைத்துக் கீழே எறிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலக்கும். முதலில் அதைச் சுவாசிப்பவர் கூரையில் ஏறும் தொழிலாளி.

அன்றைக்கு அவருக்கு இருமல்கூட வராது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவும் 20, 30, 40 வருடம் கழித்தே தலைகாட்டும். அதனால்தான் கூரை வேலை செய்யும் பாஸ்மார் “எத்தனை கூரை கழற்றினோம், ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார்கள். சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இன்னும் பல மடங்கு. தூசி படிந்த சட்டையைத் துவைக்கும் மனைவிக்கும் அந்த நாரின் ஆபத்தில் பங்குண்டு.

“இது வெள்ளை அஸ்பெஸ்டஸ், நீலம்தான் கூடாது” என்பார்கள். நம்பாதீர்கள். நீலம் இலங்கையில் 1987இல் தடையானது உண்மை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகையுமே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்கிறது. வெள்ளையையும் 2018 முதல் நிறுத்துவதாக நம் அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் காட்டி நம் தேயிலையை நிறுத்தியது. உடனே அரசு தன் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைக்காகத் தொழிலாளியின் நுரையீரலை விட்டுக்கொடுத்ததை என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த ‘இலவச’த்துக்கு. நல்ல ஷீட் யாருடைய கராஜுக்கோ கோழிக்கூட்டுக்கோ விலைபோகும். உடைந்தது வெறுங்காணியில் விழும். கொந்தராத்துக்காரர் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றுவார், அவர் நாட்கூலிக்கு ஆள் பிடிப்பார். முகக்கவசம் யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரையொருவர் காட்டுவார்கள். முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள்: ஷீட்டை நனைத்து, உடைக்காமல் ஆணியைக் கழற்றி, கையால் இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முகக்கவசம் எஃப்எஃப்பி3 (FFP3, நுண்ணிய தூசியையும் வடிகட்டுவது) தரத்தில் இருக்க வேண்டும். துணியோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ உதவாது, தாடி இருந்தால் நல்ல கவசமும் முகத்தில் ஒட்டாது. எங்கே கொண்டுபோவது என்பதைப் பத்தரமுல்லை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் முன்கூட்டியே கேளுங்கள். பழைய ஷீட்டில் நேரே கால் வைக்க யாரையும் விடாதீர்கள், அது ஆளைத் தாங்காது.

கழற்றாமலே தப்ப ஒரு வழி உண்டு. வீட்டில் எங்காவது கொங்கிறீட் ஸ்லாப் இருக்கிறதா? கார் நிறுத்தும் இடத்தின் மேலே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்? இருந்தால் பனலை அங்கே போடுங்கள். கொந்தராத்துக்காரர் “நிழல் விழும், யூனிட் குறையும்” என்பார். குறையட்டும். நிழல் விழுவது காலையிலா, மாலையிலா, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்; அந்த இழப்பை, கூரை கழற்றி மாற்றும் செலவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுத் தேவைக்கும் இடம் போதாவிட்டால் பாதிக்குப் போடுங்கள். ஸ்லாப் பாரம் தாங்குமா என்று மட்டும் ஒரு பொறியியலாளர் பார்க்கட்டும்.

ஸ்லாப் இல்லையென்றால் முதலில் கூரையை மாற்றுங்கள், அப்புறம் சோலர். 20, 25 வருடம் நிற்கப்போகும் பனலை நாற்பது வருடத்து ஷீட்டின் மேல் ஏற்றினால், இடையில் ஷீட்டை மாற்றும்போது பனலையும் இறக்கத்தான் வேண்டிவரும். அதுவரை, பாசி போக்குகிறேன் என்று யாராவது வந்து கூரைக்கு ஹை பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.