ஆங்கிலத்தில் 10 நிமிடம் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும். படிக்கவும் எழுதவும் வருகிறது, எழுந்து நின்றால் வாய் வரவில்லை. எப்படித் தயாராவது?

முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்துவிடலாம் என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவன். என் முதல் பிரசன்டேஷனை நான்கு பக்கத்துக்கு எழுதி, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒப்பித்தேன். அன்றைக்கு மூன்றாவது நிமிடத்தில் யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் ‘நெவர்தெலஸ்’ என்று ஆரம்பிக்கும் என்பது வரை ஞாபகம் இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தாளைப் பார்த்து வாசித்து முடித்தேன்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சர்ச்சிலுக்கே இது நடந்திருக்கிறது. 1904-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், மனப்பாடம் செய்து வந்த பேச்சு பாதியில் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு குறிப்புத் தாள் இல்லாமல் அவர் பேசப் போனதில்லை என்பார்கள். ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை அடுத்த வார்த்தையைத்தான் இழுத்துக்கொண்டு வருகிறது, விஷயம் இழுத்து வருவதில்லை. ஒன்று நழுவினால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்றுதான்: முதல் மூன்று வாக்கியங்கள், கடைசி இரண்டு வாக்கியங்கள், நடுவில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இணைப்புகள். ‘தட் வாஸ் த ப்ராப்ளம். நவ், வாட் டிட் வி டூ அபவுட் இட்?’ என்பது மாதிரி. ஆரம்பத்தில்தான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்ளும், அந்த அரை நிமிடத்தை மனப்பாடம் தாண்டவைத்துவிடும். இணைப்பு கையில் இருந்தால், நடுவில் தடுமாறினாலும் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம். ஒரு வாக்கியம் விட்டுப்போனது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்தது, நம் எல்லோரையும் சறுக்கவைக்கும் இடம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். காரணத்தை எல்லாம் அடுக்கிவிட்டு, ‘அதனால் மாற்றினோம்’ என்று முடிப்போம். கேட்பவரும் அதுவரை பொறுமையாக இருப்பார். அதே வரிசையில் ஆங்கிலம் பேசினால், ‘பிகாஸ் த ஓல்ட் சிஸ்டம் வாஸ் ஸ்லோ, அண்ட் பிகாஸ் யூசர்ஸ் வேர் கம்ப்ளைனிங், அண்ட் ஆல்ஸோ...’ என்று நீண்டுகொண்டே போகும். எங்கே முடிப்பது என்று நமக்கே தெரியாமல் போய், இலக்கணம் குலைந்துவிடும். ‘நமக்கு இங்கிலீஷ் வரவில்லை’ என்று நாம் நொந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் அது இங்கிலீஷ் குறை இல்லை, வரிசைக் குறை. ‘வி சேஞ்ச்ட் த சிஸ்டம். இட் வாஸ் டூ ஸ்லோ. யூசர்ஸ் வேர் கம்ப்ளைனிங்.’ முடிவு முதலில், காரணம் பின்னால், ஒவ்வொன்றும் தனி வாக்கியம். ஐந்தாறு வார்த்தைக்குள் ஒரு வாக்கியம் முடிந்தால் தவறு நுழைய இடமே இல்லை.

மொத்தப் பேச்சுக்கும் இதே கதைதான். வரலாறு, பின்னணி, அறிமுகம் என்று நான்கு ஸ்லைடு ஓட்டிவிட்டுக் கடைசியில் முடிவைச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் ஸ்லைடு தயாரிக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். எழுதிவிட்டீர்களா, அதை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். அப்புறம் அதைத் தாங்கும் இரண்டு அல்லது மூன்று பகுதிகள், போதும்.

நேரக் கணக்கு: ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 வார்த்தை. 10 நிமிடத்துக்கு 1,300 வரும், ஆனால் 1,000-க்கு மேல் தயார் செய்யாதீர்கள். மூச்சு விட, தண்ணீர் குடிக்க, ஸ்லைடு மாற்ற நேரம் வேண்டாமா? ஸ்லைடு ஏழெட்டுக்குள் இருக்கட்டும். பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போது ‘பி’ (B) எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும். முக்கியமானதைச் சொல்லும்போது அப்படிச் செய்து பாருங்கள், அத்தனை பேரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். (முதல் தடவை கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.)

உச்சரிப்பு விஷயத்தில் வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல வேண்டாம், அது ஐந்தாவது நிமிடத்தில் கழன்று விழுந்துவிடும். கவனிக்க வேண்டியது அழுத்தம். ‘டெவலப்’ என்று ‘டெ’யில் அழுத்துகிறோம், அழுத்தம் ‘வெ’யில் விழ வேண்டும்: டிவெலப். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் 13 பேரா 30 பேரா என்று கேட்பவர் குழம்புவார். முன்னதில் ‘டீன்’ ஓங்க வேண்டும், பின்னதில் ‘தர்’. உங்கள் ஸ்லைடில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து வார்த்தைகளை மட்டும் ஒலியோடு இருக்கும் இணைய அகராதியில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். எண் வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

பயிற்சியை வாய்விட்டுச் செய்யுங்கள், மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. போனில் பதிவு செய்து கேட்டால் ‘ஆக்சுவலி’ எத்தனை தடவை வருகிறது என்று தெரியும். எனக்கு ஏழு நிமிடத்தில் 19 வந்தது. அந்த இடங்களில் சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நமக்கு ஒரு யுகமாகத் தெரியும் மௌனம் கேட்பவருக்கு ஒரு மூச்சு நேரம்தான். ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறி, விஷயம் மாறாமல் வந்தால் தயாராகிவிட்டீர்கள்.

கேள்வி நேரம்தான் பலருக்கும் பெரிய பயம். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு எதையோ பதிலாகச் சொல்லாதீர்கள். ‘ஸோ யூ ஆர் ஆஸ்கிங் வெதர்...’ என்று உங்களுக்குப் புரிந்த வரை திருப்பிச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் கேட்டவரே, இந்தத் தடவை எளிமையாக, திருத்திச் சொல்வார். யோசிக்க உங்களுக்கும் சில விநாடி கிடைக்கும். அந்த நேரத்தில் ‘தேங்க்யூ’ என்று பூப்படம் போட்ட ஸ்லைடைத் திரையில் விட்டுவைக்காமல், உங்கள் முடிவு இருக்கும் ஸ்லைடை விட்டுவையுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதைக் கை காட்டியே பதில் சொல்லிவிடலாம்.