இலை எடுக்கும் வாரத்தில் ஓவியம் வரையலாமா?

பிடித்த கலைக்கு நேரம் ஒதுக்குவது பற்றி நீலகிரி, கொடைக்கானல் வாசகர்கள் அனுப்பியவற்றில் நான்கு கேள்விகள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நானும் கணவருமே இலை எடுக்கிறோம். வாட்டர் கலர் பழகுகிறேன். தினமும் காலை 5 முதல் 5.30 வரை என்று அட்டவணை போட்டேன். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. எங்கே தவறு?
– வாசகி, கோத்தகிரி

தவறு அட்டவணையில்தான். ‘தினமும் இத்தனை மணிக்கு’ என்பது எல்லா நாளும் ஒன்றுபோல இருப்பவர்களுக்குச் சரி. உங்கள் நாள் கொழுந்தைப் பார்த்து நடக்கிறது. நல்ல விளைச்சல் மாதங்களில் 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை இலை எடுக்கும் சுற்று வரும். பனிக்காலத்தில் இன்னும் நீளும். எடுத்த இலை அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும் என்பதால் அந்த நாட்களில் தூரிகைக்கு இடமே கிடையாது. ஆகவே கிழமையை விட்டுவிட்டுச் சுற்றைக் கணக்கு வையுங்கள். காலண்டரில் இலை நாட்களை முதலில் வட்டமிடுங்கள். இரண்டு சுற்றுக்கு நடுவில் முக்கால் மணி நேர அமர்வு நான்கு போதும். எந்த நாள் என்று இப்போதே எழுத வேண்டாம். அடுத்த சுற்று தொடங்குவதற்குள் நான்கும் முடிந்தால் சரி. உரம், களை, கவாத்து (செடியை வெட்டிவிடுவது) என்று வேலை குவிந்தால் நான்கை இரண்டாக்குங்கள். பூஜ்யமாக்காதீர்கள்.

விடிகாலை இந்தக் கலைக்கு ஏற்ற நேரமும் அல்ல. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கலந்த நிறம் பகலில் வேறாகத் தெரியும். காற்றில் ஈரமும் அப்போது அதிகம். ஈரம்தான் மலையில் வாட்டர் கலர்காரர்களின் நேரத்தைத் தின்பது. வெயில் நாளில் கால் மணி நேரத்தில் காயும் முதல் பூச்சு, மூட்டம் இறங்கிய நாளில் ஒரு மணி நேரமானாலும் சில்லென்றே இருக்கும். பொறுக்காமல் அதன்மேல் அடுத்த நிறத்தை வைத்தால், நீர் பின்னால் ஓடி ஓரங்களில் காலிஃப்ளவர் மாதிரி கறை விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் என்று பொருள். ஹேர் டிரையர் பிடிப்பதானால் தாளின் பளபளப்பு அடங்கிய பிறகு, ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். நீர் தேங்கி நிற்கும்போது பிடித்தால் வண்ணம் ஓரத்துக்கு ஓடிவிடும்.

இரண்டு படத்தை ஒரே அமர்வில் தொடங்குவது இதைவிட நல்லது. ஒன்று காயும்போது மற்றதில் வேலை. 300 ஜிஎஸ்எம் (தடிமனான) ஏ4 தாளை நான்காக வெட்டினால் தபால் அட்டை அளவில் நான்கு துண்டு கிடைக்கும். அந்த அளவு முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். அக்டோபர், நவம்பர் மழையில் பென்சில் கோட்டுருவங்களைச் சேர்த்து வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வண்ணம் பூசலாம்.

இன்னொன்று: சாமான் தேடுவது. பலகை, வண்ணப் பெட்டி, 6, 10 எண் உருண்டைத் தூரிகைகள், இரண்டு நீர்க் குவளை, ஒரு துணி, எல்லாம் ஒரே தட்டில் கட்டிலடியில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பரணில் தேடினால் முக்கால் மணியில் கால் மணி அதிலேயே போகும். தாளை மட்டும் ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த தாள் வண்ணத்தைத் திட்டுத் திட்டாக உறிஞ்சும். பழியை உங்கள் கை ஏற்கும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். கர்நாடக சங்கீதம் கற்கிறேன். பாடக் குறிப்பை பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது. அந்த நேரம் வீண்தானா?
– வாசகர், குன்னூர்

வளைவுச் சாலையில் படிக்கவே வேண்டாம். கண் தாளில் நிலைத்திருக்க, உள்காது மட்டும் வண்டி திரும்புவதை உணர்கிறது. இந்த முரண்தான் குமட்டல். முன்பக்க இருக்கையில் அமர்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். காதை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்பைப் பதிவு செய்து, 5 நிமிடத் துண்டுகளாக வெட்டி, வீட்டிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் சிக்னலை நம்ப முடியாது. போகும்போது ஒரே துண்டை நான்கு முறை கேட்பது. திரும்பும்போது போனைத் தொடாமல், தொடையில் ஆதி தாளம் போட்டு, ஸ்வரங்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. தடுமாறும் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எது என்று அதில் தெரிந்துவிடும். வீட்டில் 20 நிமிடம் அதை மட்டும் வாய்விட்டுப் பாடுங்கள். குளிரில் எடுத்த எடுப்பில் மேல் ஷட்ஜத்தை (உச்ச ‘ஸ’வை) தொட வேண்டாம். கீழ் ஸ்வரங்களில் அகாரமாக (‘ஆ’ என்று மட்டும்) 5 நிமிடம் பாடிக் குரலைச் சூடேற்றுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். பறவைகளைப் படமெடுப்பது பிடிக்கும். ஆயிரக்கணக்கான படங்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. லென்ஸில் பூஞ்சை வேறு. எப்படி ஒழுங்குபடுத்துவது?
– வாசகர், கொடைக்கானல்

பழைய குவியலை இப்போது தொடாதீர்கள். இன்று எடுத்ததை இன்று பிரிக்கும் பழக்கம் வராதவரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். மதியம், விருந்தினர் வெளியே போன நேரத்தில் 15 நிமிடம்: மங்கலானவை முதல் சுற்றில் போகட்டும், ஒரே கோணத்தில் பத்து இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள், மீதிக்கு ஆண்டு-மாதம்-நாள், இடம், பறவை என்ற வரிசையில் பெயர். ‘2026-01-15-ஏரி-பழனி சிரிப்பான்’ என்று இருந்தால் கோப்புகள் தாமாகவே தேதிப்படி அடுக்கிக்கொள்ளும். ஏப்ரல், மே சீசனில் கேமராவை எடுக்காமல், 15 நிமிடம் பறவைப் பட்டியல் மட்டும் எழுதினாலும் போதும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர நினைத்தால் அதே பழக்கம் கைகொடுக்கும்.

லென்ஸுக்கு, காற்றுப் புகாத 10 லிட்டர் பெட்டி, 250 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), ஒரு சிறிய ஈரமானி. அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆரஞ்சு மணிகள் ஈரம் நிறைந்து பச்சையானால் 120 டிகிரி செல்சியஸ் மின் அடுப்பில் (ஓவன்) இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம், சமையல் தட்டில் அல்ல. குளிரிலிருந்து வெதுவெதுப்பான சமையலறைக்குள் நேரே கேமராவுடன் நுழையாதீர்கள். மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துக்கொண்டு, கேமராவைப் பைக்குள் மூடி ஒரு மணி நேரம் விட்டால் உள்ளே நீர் கோக்காது.

எம்ப்ராய்டரி, வீடியோ எடிட்டிங், காய்கறித் தோட்டம், கீபோர்டு... எதை விடுவது?
– கல்லூரி மாணவி, கூடலூர்

எதையும் விட வேண்டாம், ஒரே நேரத்தில் நடத்தாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊர் மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்; எடிட்டிங்கையும் கீபோர்டையும் நம்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். அது எம்ப்ராய்டரி மாதம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் தைக்கலாம். தோட்டத்தை மழை தணிந்த பிறகு தொடங்குங்கள்: கொட்டும் மழையில் போட்ட கீரை விதை அடித்துக்கொண்டு போகும், நாற்று அழுகும். எடிட்டிங்கும் கீபோர்டும் பரீட்சை முடிந்த வெயில் நாட்களுக்கு. ஓய்வில் இருக்கும் சாமானை உறை போட்டு மூடி, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள்.